யாருடைய பாலம்?

மழைக்காலத்திலே பாலமொன்று அடித்துச் செல்லப்படுவது செய்தியாவதில்லை. அதுவும், தோட்டத்து ஓடையொன்றின் குறுக்கே இரண்டு மரக்குற்றிகளையும் சில பலகைகளையும் இட்டு அமைத்த பாலமாயின், அதனைப் பாலமென்று சொல்லவே சிலர் தயங்குவர். ஆயினும், 2024ஆம் ஆண்டு மே மாதத்து மழையிலே கேகாலை மாவட்டத்தின் ஓர் இறப்பர்த் தோட்டத்தில் அவ்வாறு அள்ளுண்டுபோன பாலமொன்று, அதனைக் கடந்து வரும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் எமக்கு, நூல்கள் பலவற்றைப் படித்தும் தெளிவுறாத ஒரு வினாவை எழுப்பிற்று. பொது என்பது எது? ஒரு பொருள் பலருக்குப் பயன்படுவதால் பொதுவாகின்றதா, அன்றி அது நிற்கும் நிலம் யாருடையது என்பதைப் பொறுத்தே பொதுவாகின்றதா?

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பெற்றோரோடு சேர்ந்து நாம் முதலில் தோட்டத்துக் காரியாலயத்துக்குச் சென்றோம். துரை மரியாதையோடுதான் பேசினார். பால்வெட்டும் மலைக்கோ ஸ்டோருக்கோ செல்லும் பாதையில் அப்பாலம் இல்லை. ஆதலால் தோட்டத்தின் செலவுக் கணக்கிலே அதற்கு இடமில்லை என்றார். பிரதேச சபைக் காரியாலயத்திலே, அந்நிலம் தோட்டத்துக்கு உரியது என்றனர். கல்வித் திணைக்களத்து உத்தியோகத்தரோ, பாடசாலை எல்லைக்கு வெளியே ஒரு சதமும் தம்மாற் செலவிட முடியாதெனக் கைவிரித்தார். மூவரும் பொய் சொல்லவில்லை என்பதே எம்மை உறுத்தியது. ஒவ்வொருவரும் தத்தம் எல்லையைச் சரியாகவே அறிந்திருந்தனர். அந்த எல்லைகள் மூன்றும் சந்திக்கும் இடத்திலேதான் ஓடை ஓடிற்று.

பெருந்தெரு வழியாகச் சுற்றி வந்தால் அரைமணி நேரம் கூடுதலாக நடக்கவேண்டும். மழை நாட்களிலே சிறு பிள்ளைகள் வருவதில்லை. அந்நாட்களின் வரவு இடாப்பைப் புரட்டினால், எந்த லயத்துப் பிள்ளைகள் ஓடைக்கு அப்பால் இருக்கின்றனர் என்பதை வரைபடமின்றியே கண்டுகொள்ளலாம்.

இந்நிலையிலே, சாதாரண தர வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், நாங்களே கட்டிப்போட்டா என்ன? சிரமதானம் வச்சா ரெண்டு சனிக்கிழமையில முடிஞ்சிரும்” என்றான். வகுப்பு முழுவதும் ஆமென்றது. எமக்கும் மகிழ்ச்சியே. அன்று மாலை, முப்பது வருடங்கள் பால் வெட்டிய பெரியவர் ஒருவரிடம் இதனைச் சொன்னபோது, அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: “கட்டலாம் மாஸ்டர். ஆனா நாங்க கட்டினா, அப்புறம் எப்பவும் நாங்கதான் கட்டணும்.”

ஆசிரியர் அறையும் இதனால் இரண்டுபட்டது. பிள்ளைகள் நனைந்துகொண்டிருக்கையில் தத்துவம் பேசுவது கொடுமை என்றனர் சிலர். தம் கடமையைத் தட்டிக் கழித்தவர்களை எமது வியர்வையால் மன்னித்துவிடுவது அதனிலும் கொடுமை என்றனர் வேறு சிலர். நாம் எப்பக்கத்தில் நின்றோம் என்பதைப் பின்னர் சொல்வோம். எப்பக்கத்திலும் முழுமனத்தோடு நிற்க முடியாமற் போனதற்கான காரணம் முதலில் ஆராயத்தக்கது.

தோட்டத்து மக்கள் அயலிலுள்ள சிங்களக் கிராமத்தை “நாடு” என்றே வழங்குவர். “நாட்டுக்குப் போய் வருகிறேன்” என்றால், வேலியைக் கடந்து கிராமத்துக் கடைக்குப் போய் வருகிறேன் என்பது பொருள். நாடு வேலிக்கு அப்பால் தொடங்குகின்றது. வேலிக்கு இப்பால் இருப்பது தோட்டம். இச்சொல் வழக்கை மொழியியலாளர் எவ்வாறு விளக்குவரோ அறியோம். ஆனால், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தை வரைந்தோர் இவ்வழக்கையே சட்டமாக எழுதிவிட்டனர் எனலாம். அச்சட்டத்தின் முகப்புரை, உள்ளூர் நிருவாகத்திலும் அபிவிருத்தியிலும் தீர்மானம் எடுக்கும் வாய்ப்பை மக்களுக்குப் பெருக்குவது பற்றிப் பேசுகின்றது. ஆயின் அதன் 33ஆம் பிரிவோ, தோட்டங்களுக்குள்ளே சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாகவே பொருள்கொள்ளப்பட்டு வந்தது. தோட்டத் தொழிலாளி சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம், தவிசாளராகவும் ஆகலாம். தன் லயத்துக்குப் போகும் பாதைக்கு ஒரு வண்டி கல் போடுவதற்குத் தீர்மானம் கொண்டுவந்தால் மட்டும் சட்டம் குறுக்கே நிற்கும்.

இதற்குச் சொல்லப்பட்ட நியாயம், தோட்டம் தனியார் நிலம் என்பதாகும். இந்நியாயம் எத்துணை உண்மையானது? 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களின் கீழே பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு மாறிய போதிலும், அவை நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருப்பனவேயன்றி அதன் உடைமையாளர் அல்ல. அஃதாவது, இத்தகைய தோட்டங்களின் நிலம் அரசாங்கத்தின் நிலம். அரசாங்கத்தின் நிலத்திலே, அரசாங்கம் அமைத்த சபை, அந்நாட்டுப் பிரசைகளுக்காகப் பணம் செலவிட முடியாது; ஏனெனில் அது “தனியார்” நிலம்! சபரகமுவையிலே அரசுடைமையாகாது எஞ்சிய சிறு தனியார் தோட்டங்களும் பலவுண்டு. அவற்றின் தொழிலாளர் நிலைமை இதனினும் இடர் மிகுந்தது. ஆயினும் இந்த முரண்பாட்டின் சாரம் எங்கும் ஒன்றே. தோட்ட நிலத்துக்கு ஏக்கர் வரி விதிக்கும் அதிகாரம் சபைக்கு உண்டு. அந்த வரி யாருடைய கையாற் கறந்த பாலிலிருந்து, யாருடைய கூடையிலே நிறைந்த கொழுந்திலிருந்து பிறக்கின்றது? வரிக்குப் பொதுவானது செலவுக்குத் தனியாரானதாகி விடுகின்றது.

நிலத்தை உடையவனே ஊரவன் என்னும் எண்ணம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த எண்ணம் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் இயலாது. தமிழர்தம் பண்டைச் சனநாயகத்துக்குச் சான்றாக நாம் வகுப்பறைகளிலே பெருமையோடு கற்பிக்கும் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களை எடுத்துக்கொள்வோம். முதலாம் பராந்தக சோழன் காலத்திலே, 919ஆம், 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அச்சாசனங்கள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்குக் குடவோலை மூலம் உறுப்பினரைத் தெரிந்தெடுத்த முறையை விரிவாகச் சொல்கின்றன. கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் விலக்கப்பட்டமை இன்றைய சபைகளுக்கும் பாடமாகத்தக்கது. ஆனால், குடத்திலே பெயர் இடப்படுவதற்குரிய முதல் தகுதி யாது? கால்வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம். சொந்த மனையிலே கட்டிய வீடு. வேதக் கல்வியும் வேண்டப்பட்டது, அது பிராமணர் சபையாதலின். அந்த ஏரியிலே சேறு எடுத்த உழவனின் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை. பரீட்சைக்குப் படிக்கும் மாணாக்கர் இக்கல்வெட்டின் ஆண்டை மறப்பதில்லை. இக்கேள்வியை அவர்கள் கேட்பதுமில்லை. நாமுந்தான் பல்கலைக்கழகத்திலே கேட்கவில்லை.

இலங்கையிலே இவ்வளவுகோல் புதிய வடிவங்களை எடுத்தது. 1930களின் பிற்பகுதியில் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் அச்சங்கங்களில் வாக்குரிமை விரிக்கப்பட்டது. தோட்ட லயத்திலே வாழ்ந்த தொழிலாளிக்கு மறுக்கப்பட்டது. 1946இலே இதே கேகாலை மாவட்டத்தில், எம்மவர் உருளவள்ளி என்று வழங்கும் நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்கென எடுத்துக்கொண்டு, அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்களை வெளியேறுமாறு பணித்தது. மறுத்தவர்கள் அத்துமீறியவர்களாக நீதிமன்றம் ஏற்றப்பட்டனர். அவர்களுக்கு ஆதரவாகப் பல தோட்டங்களிலே வேலைநிறுத்தம் மூண்டது. நிலமற்ற சிங்களக் குடியானவனின் பசி பொய்யானதன்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தினால் அவனுடைய சேனையும் காடும் பறிபோய்த் தோட்டங்களாயின என்பதை மறந்து எந்த நியாயமும் பேசமுடியாது. ஆனால், கிராமத்தை விரிக்கவேண்டுமென்றால் தோட்டத்து மனிதனைச் சுருட்டி எறியவேண்டும் என்ற முடிவு எங்கிருந்து வந்தது? அவனையும் கிராமத்தவனாகக் கொண்டு கிராமத்தை விரிக்கலாம் என்பது அன்று திட்டம் வகுத்தோரின் சிந்தனைக்கு எட்டவேயில்லை.

1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டில் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் செய்தவற்றை இவ்விதழின் வாசகர் நன்கறிவர். அவற்றை மீட்டுரைப்பதினும், எமக்கு நெருக்கமான ஒரு கசப்பை நினைவுகூர்வது நேர்மையாகும். சபரகமுவ இடதுசாரி இயக்கத்தின் தொட்டில்களுள் ஒன்று. 1934-35இன் மலேரியாக் கொள்ளைநோயின்போது சூரியமல் இயக்கத்தினர் கேகாலைக் கிராமங்களிலே மருந்தும் உணவும் சுமந்து நடந்தனர். 1936இல் கலாநிதி என். எம். பெரேரா ருவான்வெல்லத் தொகுதியிலிருந்தே அரசாங்க சபைக்குச் சென்றார். 1948இலே பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து நின்ற சமசமாஜக் கட்சி, 1964 ஜூனிலே அமைச்சரவையில் அமர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரிலே கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களை 5,25,000, 3,00,000, 1,50,000 எனக் கூறுபோட்டது. கூறுபோடப்பட்டவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. நாடற்றவர் பிரச்சினை சட்ட ரீதியாக முடிவுற 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வர்க்க ஒற்றுமையை மேடையிலே முழங்குவது எளிது. எண்ணிக்கை அட்டவணை மேசைக்கு வரும்போதுதான் அதற்குச் சோதனை.

சிரமதானத்துக்கு வருவோம். இச்சொல்லின் இரு பாதிகளையும் பிரித்து நோக்கவேண்டும். சிரமம் உழைப்பு, தானம் கொடை. கொடை என்பது, கொடாதிருக்கவும் இயன்றவன் கொடுப்பது. மறுக்க முடியாதவனிடமிருந்து பெறுவதற்குப் பெயர் வேறு. இந்நாட்டிலே அப்பெயர் ஒருகாலத்தில் இராசகாரியம் என இருந்தது. அது 1830களிலே ஒழிக்கப்பட்டதெனப் பாடநூல் சொல்கின்றது. ஆயினும் 1848ஆம் ஆண்டின் தெருச் சட்டம், வளர்ந்த ஆண் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவிலே வேலை செய்யவேண்டும், அன்றேல் மூன்று சிலிங் கட்டவேண்டும் என்றது. அத்தெருக்களிலே யாருடைய கோப்பி மூட்டைகள் உருண்டன என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவ்வாண்டுக் கிளர்ச்சியின் காரணங்களுள் இச்சட்டமும் ஒன்று.

இதற்கு மாறாக, 1958இலே கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் இளம் ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணாக்கரை அழைத்துக்கொண்டு, சாதியாலே ஒதுக்கப்பட்ட கனதொழுவ என்னும் கிராமத்துக்குச் சென்றார். அங்கே அவர்கள் அக்கிராமத்தவரோடு உண்டு, உறங்கி, மண் வெட்டினர். சர்வோதய இயக்கம் அங்கிருந்தே தொடங்கிற்று. அதன் பிற்கால அரசியலோடு எமக்கு உடன்பாடின்மைகள் உண்டு. ஆயினும் அந்த முதல் முகாமின் அறம் மறுக்கத்தக்கதன்று. அங்கே உழைப்பைக் கொடுத்தவர், கொடாதிருந்தாலும் ஒருவரும் கேளாத மேல்தட்டுப் பிள்ளைகள். இன்னொரு சான்று: 1919இலே மொஸ்கோ-கசான் புகையிரதப் பாதைத் தொழிலாளர் சனிக்கிழமைகளில் ஊதியமின்றி எஞ்சின்களைப் பழுதுபார்த்தனர். லெனின் அதனை ஒரு மகத்தான தொடக்கமெனக் கொண்டாடினார். அவர்கள் பட்டினியோடுதான் உழைத்தனர். ஆயினும், அப்புகையிரதம் தம்முடையது என்று நம்பி உழைத்தனர். அந்நம்பிக்கை பின்னாளிலே என்னவாயிற்று என்பது வேறு கதை.

எமது மாணவனின் சனிக்கிழமை இவற்றுள் எதனைச் சேர்ந்தது? அவன் கொடுக்க விரும்பினான், அது கொடையே. ஆனால் அவன் கட்டும் பாலம் அவனுடையதாகுமா? அது நிற்கும் நிலம் அவனுடையதன்று. அவன் உறங்கும் காம்பராவும் அவனுடையதன்று. வீட்டிலே ஒருவரேனும் பிரட்டுக்குப் போகும்வரைதான் அக்காம்பராவிலே அச்சமின்றி இருக்கலாம். அவன் பெயருக்கு வரும் கடிதங்கூட லயத்துக்கு வராமல் தோட்டத்துக் காரியாலயத்திலே தங்கிப் பின்னரே கைக்கு வருகின்றது. முகவரியில்லாத மனிதன் கட்டிய பாலத்துக்கு முகவரி எங்கிருந்து வரும்? பெரியவர் கூறிய வார்த்தையின் ஆழம் இதுவே. இல்லாதவன் கொடுக்கும் தானம், உள்ளவனின் கடனைத் தள்ளுபடி செய்துவிடுகின்றது.

ஆயினும், உரிமை கிடைக்கும்வரை கைகட்டியிருப்பது என்ற நிலையையும் எம்மால் ஏற்க இயலவில்லை. காத்திருப்பின் செலவைக் காத்திருக்கச் சொல்பவர் செலுத்துவதில்லை. 2014 அக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்து மீறியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, குடியேற்ற வேண்டிய கடமை யாருடையது என்பதிலேதான் தெளிவில்லை. 2016 மே மாதத்திலே எமது மாவட்டத்து அரநாயக்கவில் கிராமங்கள் புதையுண்ட அதே மழையில், புளத்கொஹுபிட்டியப் பகுதியிலே தோட்டத்து லயமும் மண்ணுள் போயிற்று. மலைக்கு நாடும் தெரியாது, தோட்டமும் தெரியாது.

2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 33ஆம் பிரிவின் தடையை நீக்கிற்று. முப்பத்தொரு ஆண்டுகள் கழித்தேனும் வந்த இம்மாற்றத்தைச் சிறிதெனத் தள்ளுதல் தகாது. ஆனால் சட்டம் தடையை நீக்குமேயன்றி, பழக்கத்தை நீக்குவதில்லை. அதன் பின்னரும், “அது தோட்டத்து நிலம்” என்ற விடையை நாம் 2024இலே எம் காதாற் கேட்டோம். சொன்னவர் தீயவரல்லர்; அவருடைய கோப்புக்களிலே, அவருடைய வரைபடத்திலே, தோட்டம் வெறும் பச்சை நிறம். அதற்குள் ஓடைகள் உண்டு, பாதைகள் உண்டு, பிள்ளைமடுவமும் பீலியும் உண்டு என்பதை வரைபடம் காட்டவில்லை. அவ்வேளையிலே முறையிடுவதற்கு உறுப்பினரும் இல்லை. சபைகளின் காலம் 2023 மார்ச்சிலே முடிவுற்று, தேர்தல் ஒத்திவைக்கப்பட்டு, 2025 மே 6ஆம் திகதிவரை இலங்கையின் உள்ளூராட்சி பெரும்பாலும் உத்தியோகத்தர் கையிலேயே இருந்தது.

கேரளத்திலே 1996இலே தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 வீதம் வரை உள்ளூர் அமைப்புக்களுக்கு ஒதுக்கிற்று. பணத்தினும் பெரிய காரியம் வேறொன்று. பஞ்சாயத்துத் தோறும் மக்கள் கூடித் தம் குளங்களையும் பாதைகளையும் தாமே எண்ணி, எழுதி, அபிவிருத்தி அறிக்கையாக்கினர். எண்ணுகின்றவன் யார் என்பதிலேதான் திட்டமிடலின் அறம் தங்கியிருக்கின்றது. தம்மை எண்ணியறியாத மக்களைப் பிறர் எப்போதும் மொத்தமாகவே எண்ணுவர். எமது சட்டத்திலும் இதற்கு வழியுண்டு: பிரதேச சபை அமைக்கும் வீடமைப்பு, சமுதாய அபிவிருத்திக் குழு போன்றவற்றிலே உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். அவ்வழியே தோட்டத்துப் பெண்ணொருத்தி அமர்ந்திருப்பதை இதுவரை நாம் கண்டதில்லை.

இனி, நாம் எப்பக்கம் நின்றோம் என்பதைச் சொல்வோம். கட்டினோம். 2025 சனவரியிலே, மழையற்ற இரண்டு சனிக்கிழமைகளில், மாணாக்கரும் பெற்றோரும் ஆசிரியரும் அயற்கிராமத்துச் சிங்கள இளைஞர் நால்வரும் சேர்ந்து கட்டினோம். அவ்விளைஞர் அழையாமல் வந்தனர். ஓடைக்கு அப்பாலுள்ள பீலியிலேதான் கோடைக்காலத்தில் அவர்களும் குளிப்பது வழக்கமாம். ஆனால் தொடங்குமுன் பெரியவர் ஒரு நிபந்தனை விதித்தார். வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் செக்ரோலிலே போடுவதுபோலப் பெயர் போடவேண்டும் என்றார். “தானம்னாலும் கணக்கு இருக்கணும் மாஸ்டர். கணக்கு இல்லாத வேலை, செய்யாத வேலை.” எமக்கு முதலிலே இது கஞ்சத்தனமாகப் பட்டது. பிற்பாடுதான், ஐந்து தலைமுறை செக்ரோலோடு வாழ்ந்த மக்களின் அறிவு அதிலே இருந்ததை உணர்ந்தோம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கோடிட்ட கொப்பியிலே பெயர்களை எழுதினர். தொழிற்சங்கத் தலைவர் பெயரும் எழுதப்பட்டது. அவர் இரண்டாம் சனிக்கிழமை படமெடுக்கும் நேரத்துக்கு மட்டும் வந்தமையால் அரைப் பெயரே போட்டனர். நூற்றுப் பதினேழரைப் பெயர். அதற்குரிய நாட்கூலியைப் பிள்ளைகளே கணக்கிட்டனர். மரம், கம்பி, சீமெந்து ஆகியவற்றின் செலவையும் சேர்த்து, கணக்கின் பிரதிகளைச் சபைக்கும் தோட்டத்துக் காரியாலயத்துக்கும் கல்வித் திணைக்களத்துக்கும் அனுப்பினோம். பணம் கேட்கவில்லை. இத்தொகை எம்மால் பொதுப் பணிக்கு முன்கூட்டிச் செலுத்தப்பட்டதெனப் பதிவுசெய்க என்றும், பாலத்தைச் சபையின் வீதிப் பதிவேட்டிலே சேர்த்து இனிப் பராமரிப்பைச் சபை ஏற்கவேண்டும் என்றும் எழுதினோம்.

இருவரிடமிருந்து இன்னும் விடையில்லை. புதிய சபை கூடிய பின், ஆவணி மாதத்திலே சபையிலிருந்து மட்டும் ஒரு கடிதம் வந்தது. வழக்கம்போலத் தோட்டத்துக் காரியாலயத்திலே ஒன்பது நாள் தங்கி வந்தது. பதிவேட்டிலே சேர்ப்பது ஆலோசனையில் இருப்பதாகவும், அதற்குப் பாலத்தின் பெயரும் அது அமைந்துள்ள இடத்தின் பெயரும் வேண்டுமெனவும் கேட்டிருந்தனர். அவ்விடத்துக்கு இலக்கமுண்டு, பெயர் இல்லை. பெரியவர்கள் பீலிக்கரைப் பாலம் என எழுதச் சொல்கின்றனர். பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. அயற்கிராமத்து இளைஞர், சிங்களத்திலும் சொல்லக்கூடிய பெயராக இருக்கட்டும் என்கின்றனர். வரும் வெள்ளிக்கிழமை பிரட்டுக்களத்திலே கூடிப் பேசுவதென்று முடிவாகியிருக்கின்றது.